புழக்கடை நீச்சல் குளமும் காஞ்சிபுரத்துத் தெப்பக்குளமும்

வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு நீச்சல் குளம்! கேட்கவே குளுகுளுவென்று இருக்கிறது, இல்லையா? ஒரு காலத்தில் சினிமாவில் பணக்கார அப்பா வீட்டில் மட்டும்தான் அதைப் பார்க்க முடியும். இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பண்ணை வீடுகள், கோவைப் பக்கத்துத் தோட்ட வீடுகள் என்று பல இடங்களில் வந்துவிட்டது.

ஆனால் குளம் வெட்டுவதும், அதில் இறங்கிக் குளித்து மகிழ்வதும் தமிழ்நாட்டுக்குப் புதிதா? இல்லவே இல்லை. காஞ்சிபுரத்தைச் சுற்றி மட்டுமே ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முந்தைய குளக்கதைகள் இருக்கின்றன. புதிதாக ஒரு குளம் கட்டுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய பாடங்கள் எல்லாமே அந்தக் கதைகளுக்குள் இருக்கின்றன.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றேகால் மீட்டர் ஆழம். குடும்பத்துக்கு ஒரு நடுத்தரமான நீச்சல் குளம். பெருக்கிப் பார்த்தால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரி என்றால் நான்கு லாரி கூப்பிட வேண்டும். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டு அரசாங்கக் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மாதத் தண்ணீர்.

அதோடு முடியவில்லை. வெயிலில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானால் கூட 160 லிட்டர் போய்விடும். ஒரு ஆளின் ஒரு நாள் பங்கைவிட அதிகமான தண்ணீரைச் சூரியன் சத்தமில்லாமல் குடித்துவிடுகிறது!

ஆகவே குளம் என்பது ஒரு தடவை கட்டி முடிக்கும் பொருள் அல்ல. தினமும் தீனி போட வேண்டிய ஒரு மாடு மாதிரி. இது பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

உலகின் மிகப் பழைய குளம்

சிந்து சமவெளியின் மொகஞ்சதாரோவில் 1920களில் தோண்டி எடுத்த பெருங்குளியல் குளம் எல்லோரும் பள்ளிப் புத்தகத்தில் படித்ததுதான். சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். நாலாயிரம் வருடங்களுக்கும் மேல் பழமையானது. செங்கற்களை நெருக்கமாக அடுக்கி, ஜிப்சம் சாந்து பூசி, தண்ணீர் கசியாமல் இருக்க நிலக்கீல் தடவியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் இறங்கப் படிகள். நிரப்புவதற்குப் பக்கத்து அறையில் கிணறு. அழுக்குத் தண்ணீர் வெளியேற ஒரு மூலையில் வடிகால்.

இன்றைக்கு ஒரு காண்டிராக்டர் வந்து உட்கார்ந்தால் பேசும் விஷயங்களும் இவைதானே? கசிவு, படி, வரத்து, வடிகால். நாலாயிரம் வருடத்தில் பட்டியல் மாறவில்லை. மோட்டாரும் குளோரினும்தான் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன.

ரோமாபுரியில் கி.பி. 216-ல் திறக்கப்பட்ட கரகல்லா குளியலகத்தில் திறந்தவெளி நீச்சல் குளமே இருந்தது. ஆனால் அதற்குத் தனியாகக் கால்வாய் வழியே தண்ணீர் வந்தது. பிற்காலத்தில் கால்வாய் நின்றது, குளியலகமும் நின்றது!

காஞ்சிக்குத் தண்ணீர் வந்த வழி

காஞ்சிபுரத்தின் தெற்கே பாலாறு. ஊரை ஒட்டி வேகவதி. பெயரில்தான் பால், வேகம் எல்லாம். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணல்தான். மழைக்காலத்தில் கொஞ்ச நாள் ஓடும். 2021 நவம்பரில் ஓடிய மாதிரி எப்போதாவது கரை புரண்டு ஓடும். அந்தக் கொஞ்ச நாள் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் மீதி மாதங்களில் வாழ்க்கை.

பல்லவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம் என்ற ஏரியை அமைத்தான். அதன் கரையிலேயே ஒரு பாறையைக் குடைந்து விஷ்ணுவுக்குக் கோயிலும் எடுத்தான். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேஸ்வரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு, காஞ்சிக்கு அருகில் உள்ள கூரத்தில் பரமேஸ்வர தடாகம் என்ற ஏரி இருந்ததைச் சொல்கிறது. அந்த ஏரிக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற பெயரில் ஒரு கால்வாயே வெட்டியிருக்கிறார்கள்.

கவனித்தீர்களா? செப்பேட்டில் ஏரியின் பெயர் மட்டும் இல்லை, கால்வாயின் பெயரும் இருக்கிறது. குளத்துக்குக் கொடுத்த அதே மரியாதை வரத்துக் கால்வாய்க்கும் கிடைத்திருக்கிறது. இதுதான் முதல் பாடம். குழி தோண்டினால் குளம் ஆகாது. தண்ணீர் எங்கிருந்து வரும், மிஞ்சினால் எங்கே போகும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தால்தான் குளம்.

கலங்கல், மதகு, வரத்துக் கால்வாய் என்று ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனிச் சொல் இருக்கிறது. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். இப்படிச் சங்கிலி போல ஏரிகள் இருந்ததால்தான் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர்.

மணிமேகலை காப்பியத்திலும் காஞ்சியில் ஒரு குளம் வருகிறது. மணிபல்லவத் தீவில் உள்ள கோமுகிப் பொய்கை மாதிரியே காஞ்சியில் ஒரு பொய்கையையும் சோலையையும் இளங்கிள்ளி என்ற அரசன் அமைத்ததாகக் கதை. அப்போது காஞ்சியில் கடும் பஞ்சம் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. அழகான பொய்கை ஒன்று இருப்பதால் மட்டும் ஊர்ப் பஞ்சம் தீராது என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி இல்லை?

கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர். அங்கே கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் பிரபலம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லித் தேர்ந்தெடுத்த முறை அது.

அப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். அவர்களுடைய வேலை ஏரியைப் பார்த்துக்கொள்வது. பதவி ஒரு வருடம்தான். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது!

அண்ணன் கணக்குக் காட்டவில்லை என்றால் தம்பிக்கும் வாய்ப்பு இல்லை. இன்றைக்கு இந்த விதி இருந்தால் எத்தனை பேர் நிற்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே சமயம் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்தத் தேர்தலில் நிற்க 35 முதல் 70 வயது வேண்டும். சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேத சாஸ்திரப் படிப்பு எல்லாம் வேண்டும். அது பிராமணர்களின் சபை. பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் அதில் இடமில்லை. ஏரியை வெட்டியவர்கள் ஓலையில் இல்லை. இந்தக் கேள்வி பின்னால் மறுபடி வரும்.

பல்லவ, சோழர் காலக் கல்வெட்டுகளில் தூர் வாருவதற்கென்றே பொன்னும் நிலமும் எழுதி வைத்த செய்திகள் நிறைய உண்டு. முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் வேலை நடக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஏரிக்குள் ஓடம் விட்டு வண்டல் எடுத்துக் கரையில் கொட்டுவதற்கும் தனி ஏற்பாடு இருந்தது. கட்டும் செலவை மட்டும் எண்ணாமல், வருடா வருடம் ஆகும் செலவுக்கும் அன்றே பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். இது இரண்டாவது பாடம்.

திருவிழா என்ற பெயரில் ஒரு சுத்தம்

சரி, பணம் இருந்தால் மட்டும் போதுமா? வேலையை ஞாபகப்படுத்த ஒருவர் வேண்டுமே! காஞ்சியில் அந்த வேலையைச் சாமியிடமே ஒப்படைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

வரதராஜப் பெருமாள் கோயிலில் நூற்றுக்கால் மண்டபத்தின் பக்கத்தில் அனந்த சரஸ் குளம். அதற்குள் நான்கு கால் நீராழி மண்டபத்தின் அடியில், தண்ணீருக்குள், அத்தி மரத்தால் செய்த அத்தி வரதர் இருக்கிறார். 40 வருடங்களுக்கு ஒரு முறை வெளியே வருவார். 1979-ல் வந்தவர் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் தரிசனம் தந்தார். ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வந்ததாகச் செய்திகள் சொல்லின. அடுத்தது 2059.

பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறையில் இதன் விளைவு என்ன? அவரை எடுக்க வேண்டுமானால் குளத்தை இறைத்தாக வேண்டும். இறைத்தால் சேறு தெரியும். சேறு தெரிந்தால் வாரித்தான் ஆக வேண்டும். ஒரு தலைமுறைக்கு ஒரு முறையாவது குளத்தின் அடியை மனிதக் கண்கள் பார்த்துவிடுகின்றன.

காஞ்சிக்குத் தெற்கே ஐயங்கார்குளம் என்ற ஊர். விஜயநகர அரசர்கள் காலத்தில் செல்வாக்காக இருந்த தாத்தாச்சாரியார் வெட்டிய பெரிய குளத்தால் ஊருக்கே அந்தப் பெயர். அங்கே நடவாவிக் கிணறு இருக்கிறது. படி இறங்கிப் பூமிக்கு அடியில் போனால் கல்தூண் மண்டபம். அதன் நடுவில் கிணறு. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மண்டபம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். சித்திரா பௌர்ணமிக்கு முன்பு தண்ணீரை இறைத்துவிடுவார்கள். அன்று இரவு வரதராஜப் பெருமாள் காஞ்சியிலிருந்து ஊர்வலமாக வந்து, அந்த நிலத்தடி மண்டபத்துக்குள் இறங்கி எழுந்தருளுவார். சித்திரை வெயிலுக்கு இதைவிடக் குளிர்ச்சியான இடம் வேறு ஏது? சாமிக்கும் கோடை விடுமுறை!

இங்கேயும் அதே கதைதான். சாமி வர வேண்டும் என்பதற்காக வருடத்துக்கு ஒரு முறை இறைத்துச் சுத்தமாகிறது.

தெப்பத் திருவிழாவும் அப்படித்தான். தேவிமாரோடு சாமி தெப்பத்தில் வலம் வர வேண்டுமானால் குளத்தில் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தண்ணீர் இல்லாத வருடங்களில் தெப்பத்தை நிலையாக நிறுத்தி வைத்து நிலைத் தெப்பம் நடத்தியிருக்கிறார்கள். தரையில் நிற்கும் தெப்பத்தைவிடப் பெரிய எச்சரிக்கைப் பலகை வேறு எதுவும் இருக்க முடியாது.

ஒரு வேலையைக் கடமையாக வைத்தால் மறந்துபோகும். பண்டிகையாக வைத்தால் மறக்காது. இது மூன்றாவது பாடம்.

படி ஏன் இத்தனை?

கோயில் குளங்களில் நாலு பக்கமும் படி. அழகுக்காக மட்டும் அல்ல. தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தாலும் ஏதாவது ஒரு படி தண்ணீரைத் தொட்டுக்கொண்டு இருக்கும். குழந்தை இரண்டாவது படியில் உட்காரும், பாட்டி மூன்றாவது படியில் நிற்பார், நீச்சல் தெரிந்தவர் நடுவில் போவார். ஒரே குளத்தில் எல்லா வயதுக்கும் தனி ஆழம்.

ஆனால் பாசி பிடித்த படி வழுக்கும். ஆள் பார்க்காத குளம் ஆளை வாங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் நிறையப் பேர் சின்னக் குழந்தைகள். ஊர்க் குளத்தில் எப்போதும் நாலு பேர் இருந்தார்கள், அதனால் ஒரு கண் இருந்தது. வீட்டுக் குளத்தில் அந்த நாலு பேர் இல்லை. அதனால்தான் புழக்கடைக் குளத்துக்கு வேலியும், பூட்டுப் போட்ட கதவும், கூடவே ஒரு பெரியவரும் கட்டாயம். நான்காவது பாடம் இது. இதில் மட்டும் சமரசமே கூடாது.

யார் இறங்கலாம்?

குளம் என்றாலே எல்லோரும் இறங்கிக் குதித்து விளையாடிய பொற்காலம் என்று நினைத்துவிடக் கூடாது. பல ஊர்களில் பொதுக் குளத்துப் படி பலருக்கு மூடியே இருந்தது.

மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் சவதார் குளம். அதை எல்லோருக்கும் திறப்பதாக 1924-ல் நகராட்சி தீர்மானம் போட்டும் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களால் தொட முடியவில்லை. மாடு குடிக்கலாம், மனிதன் குடிக்கக் கூடாது! 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அந்தக் குளத்துத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். அதற்காக அவர்கள் அடி வாங்கினார்கள். வழக்கு பத்து வருடம் நடந்து, 1937-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவர்கள் பக்கம் வென்றது.

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். கிணறுகள், குளங்கள், குளிக்கும் துறைகள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் படித்துறைக்கு என்ன வேலை? அந்தப் படித்துறையில்தான் அவ்வளவு அநியாயம் நடந்தது என்பதே பதில்.

இது இந்தியாவில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் கருப்பின மக்களுக்குப் பொது நீச்சல் குளங்கள் மூடியிருந்தன. 1964 ஜூன் 18 அன்று புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் ஊரில் ஒரு ஓட்டல் நீச்சல் குளத்தில் கருப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குதித்துப் போராடினார்கள். ஓட்டல் மேலாளர் குளத்துத் தண்ணீரில் அமிலத்தைக் கொட்டினார்! ஜாக்சன் நகரம் எல்லோரையும் அனுமதிப்பதைவிட மேல் என்று தன் பொதுக் குளங்களையே மூடிவிட்டது. பொதுக் குளங்களில் எல்லோரும் சேர்ந்து குளிக்கும் நிலை வந்தபோது வசதியான வெள்ளையர் பலர் வீட்டுக் குளத்துக்கும் தனியார் கிளப்புக்கும் மாறினார்கள் என்று வரலாற்றாசிரியர் ஜெஃப் வில்ட்சே 2007-ல் வெளியான தன் புத்தகத்தில் விளக்குகிறார்.

புழக்கடை நீச்சல் குளத்தின் கதையில் வெறும் வசதி மட்டும் இல்லை, வேலியும் இருக்கிறது. இதைப் படிக்கும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

எப்போது கைவிட்டார்கள்?

பழைய முறை எப்போது தளர்ந்தது? வெள்ளைக்காரர் ஆட்சியில் ஏரிகள் மெல்ல மெல்ல அரசாங்கத்தின் கைக்குப் போயின. ஊர் கூடிச் செய்த குடிமராமத்தைக் காப்பாற்ற 1858-ல் ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். ஆனால் உரிமையை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்டால் யார் வருவார்கள்? பிறகு குழாய் வந்தது. போர்வெல் வந்தது. தண்ணீர் வீட்டுக்குள் வந்ததும் குளம் கண்ணில் படவில்லை. குடிமராமத்து என்ற பெயரையே தமிழ்நாடு அரசு 2017-ல்தான் திட்டமாக மறுபடி தூசி தட்டி எடுத்தது.

நெசவுக்காரர் தெருவிலும் இந்த மாற்றம் தெரியும். பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேக வைத்துப் பசை நீக்க வேண்டும். பிறகு சாயம் போட வேண்டும், அலச வேண்டும். எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். பாலாற்றுத் தண்ணீரால்தான் காஞ்சிப் பட்டுக்கு அந்த மினுமினுப்பு என்று சொல்வதுண்டு. அந்த ஆற்றில் மணல்தான் தெரிகிறது. வேகவதியின் கரையிலோ ஆக்கிரமிப்புகள். பட்டுச் சேலையில் குளமும் அன்னமும் நெய்யும் ஊரில் நிஜக் குளம் இளைத்துப் போனது வேதனைதான்.

2019 கோடையை நினைத்துப் பாருங்கள். அத்தி வரதரைப் பார்க்கக் காஞ்சியில் கூட்டம் அலைமோதிய அதே ஜூலையில், சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. செம்பரம்பாக்கம் உட்பட சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்தன. அதே செம்பரம்பாக்கம் 2015 டிசம்பரில் வெள்ளத்துக்காகப் பேசப்பட்ட ஏரி! தண்ணீர் வராதபோதும் கஷ்டம், வந்தபோதும் கஷ்டம். பெரும்பிடுகு கால்வாய் வெட்டியவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளையும் கேட்க மறந்ததன் விளைவு.

கடைசியாக...

வீட்டில் நீச்சல் குளம் கட்டுவது தப்பில்லை. குழந்தைகள் நீந்தக் கற்றுக்கொள்வது உயிர் காக்கும் விஷயம். ஆனால் கட்டுவதற்கு முன் காஞ்சிக் குளங்கள் கேட்கும் கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வரும்? மாடியில் விழும் மழையைச் சேர்க்க வழி உண்டா? குளோரின் கலந்த தண்ணீர் எங்கே போகும்? வருடா வருடம் பராமரிக்கும் செலவுக்குப் பணம் உண்டா? யார் பார்த்துக்கொள்வார், யாரிடம் கணக்குக் காட்டுவார்? குழந்தை தனியாக இறங்க முடியாதபடி கதவு உண்டா? தெருவில் உள்ள மற்றக் குழந்தைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அது திறந்திருக்குமா?

இந்தக் கேள்விகள் புழக்கடைக் குளத்துக்கு மட்டும் அல்ல. ஒவ்வொரு ஊரிலும் வேலி போட்டுப் பூட்டிக் கிடக்கும், குப்பை கொட்டிக் கிடக்கும் ஊர்க் குளத்துக்கும் இவைதான் கேள்விகள். புதிதாக 40,000 லிட்டருக்குக் குழி தோண்டுவதற்கு ஆகும் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டால் பழைய குளத்தின் வரத்துக் கால்வாய் ஒன்றைத் திறந்துவிடலாம். அதில் ஒரு வீடு அல்ல, ஒரு ஊரே குளிக்கும். இந்த முறை எந்தப் படியும் யாருக்கும் மூடியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.